குளிர்ந்த கடலும் அரிசி அளவு உயிரும்: ஃப்ரைடே ஹார்பர் கோடைப் படிப்புக்குப் போகிறவருக்கு

கேள்வி இது: "தூத்துக்குடியில் விலங்கியல் முதுகலை முடித்தேன் அக்கா. அமெரிக்காவில் சான் வான் தீவில் இருக்கும் ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகத்தில் முதுகெலும்பற்ற கடல் உயிரிகள் பற்றிய ஐந்து வாரக் கோடைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பழைய கேமரா ஒன்றும் 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்சும் வைத்திருக்கிறேன். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான உயிர்களை அங்கே எப்படிப் படம் எடுப்பது? படம் எடுப்பதில் இறங்கிவிட்டால் படிப்பு கெட்டுவிடுமா?"

வாழ்த்துகள் தம்பி. நான் அங்கே ஒரு கோடை மாணவியாகவும் அடுத்த கோடை உதவியாளராகவும் இருந்தேன். படம் எடுப்பதால் படிப்பு கெடாது. சரியாக எடுத்தால் படிப்பே அதுதான். ஆனால் கேமராவுக்கு முன்னால் தண்ணீரின் சூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் முதலில் தவறுவது அங்கேதான்.

மன்னார் வளைகுடாவில் தண்ணீர் 28, 30 டிகிரி இருக்கும். ஒரு கிண்ணத்தில் மொண்டு மேசையில் வைத்தால் அரை மணி கழித்தும் சூட்டில் பெரிய மாற்றம் இருக்காது. நம் கைக்கு அந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. சான் வான் தீவைச் சுற்றியுள்ள கடல் நடுக்கோடையிலும் 10 முதல் 12 டிகிரிதான். அறையோ 20 டிகிரிக்கு மேல். உள்ளங்கை அளவுக் கிண்ணத்தில் எடுத்த தண்ணீர் கால் மணி நேரத்தில் ஏறிவிடும், மேலே விளக்கை வைத்தால் இன்னும் வேகமாக ஏறும். உயிர் உடனே சாகாது. முதலில் நடத்தை மாறும், நமக்கோ அது தெரியாது.

முதல் வாரத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். கோராம்பே என்னும் ஓடில்லாக் கடல் நத்தை ஒன்று கிடைத்தது. அரிசி அளவுதான் இருக்கும், அதைவிடத் தட்டை. குளிர் விளக்கு என்று நினைத்து ஒன்றைப் பக்கத்திலேயே வைத்து, நாற்பது நிமிடம் விடாமல் எடுத்தேன். கடைசிப் பத்துப் படங்களில் அது ஓரங்களை மேலே மடித்து, பாதத்தின் விளிம்பு தெரியும்படி அழகாக நின்றது. நல்ல கோணம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். மறுநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: அது பிடியை விட்டுக்கொண்டிருந்தது. ஓடும் தண்ணீரில் திரும்ப விட்டும் பிழைக்கவில்லை. அந்தப் படம் மிகக் கூர்மையாக வந்திருக்கிறது. இன்றும் வைத்திருக்கிறேன். மாணவர்களுக்குக் காட்டும்போது 'சாகும் உயிரின் படம்' என்று சொல்லியே காட்டுகிறேன்.

அதனால் என் முதல் விதி: ஐந்து நிமிடம் எடுங்கள், பத்து நிமிடம் குளிரில் விடுங்கள். ஆய்வகத்து மேசைகளில் கடல்நீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் கிண்ணத்தை அதிலேயே மிதக்க விட்டுவைக்கலாம். மேசைக்கு எடுத்துவந்தால் அடியில் ஒரு தட்டில் பனிக்கட்டித் தண்ணீர் இருக்கட்டும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். லென்சைவிட அதுதான் உங்கள் படங்களைக் காப்பாற்றும்.

இனி வற்றம், அதாவது கடல் இறங்கும் நேரம். பாம்பனில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூடத் தேறாது. அங்கே பெரிய நாட்களில் 3 மீட்டருக்கும் மேல் இறங்கும். கோடையில் ஆழமான வற்றம் பகலில் வருவது படிப்புக்கு வந்த வரம். குளிர்காலத்தில் அதே வற்றம் இரவுக்குப் போய்விடும். வற்ற அட்டவணை அடிக்கணக்கில் இருக்கும். மைனஸ் 2, மைனஸ் 3 என்று போட்டிருந்தால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். அடிமட்டம் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கி, தண்ணீரோடு சேர்ந்து கீழே போய், அது திரும்பும்போது நீங்களும் திரும்புங்கள். புரட்டிய கல்லை அதே முகமாகத் திருப்பி வையுங்கள். அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் அரை மணி நேரம் தாங்காது. ஒன்று கவனம்: அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1923 முதல் சட்டப்படி உயிரியல் காப்பிடம். ஆய்வகத்தின் அனுமதி இல்லாமல் ஆய்வுக்கென்று எதையும் எடுத்து வரக்கூடாது. படிப்பில் சேர்ந்தவர்களுக்கு எதை, எங்கே, எவ்வளவு எடுக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள்.

ஐந்து வாரத்தில் எல்லா உயிரையும் எடுத்துவிட நினைக்காதீர்கள். எல்லாரும் முதலில் அப்படித்தான் நினைக்கிறோம். கடைசியில் நட்சத்திர மீன், நண்டு, கடல் சாமந்தி என்று எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு சுமாரான படம்தான் மிஞ்சும். ஒரே இடத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் இறங்குங்கள். என்னைக் கேட்டால் ஒரு கெல்ப் இலை போதும் என்பேன்.

கெல்ப் என்பது அங்கே கரையோரம் காடாக வளரும் பழுப்புக் கடற்பாசி. படகுத்துறையில் நின்றாலே கைக்கெட்டும். அதன் நீண்ட இலைகளில் வெள்ளை நூலால் பின்னல் வேலை செய்தது போல் வட்ட வட்டமாகப் படர்ந்திருக்கும். அது பூஞ்சை இல்லை, உப்பும் இல்லை. மெம்ப்ரானிபோரா என்னும் பிரயோசோவாவின் (கூட்டமாக ஒட்டி வாழும் நுண்ணிய விலங்கின்) குடியிருப்பு. ஒவ்வொரு கண்ணியும் ஒரு மில்லிமீட்டரில் பாதி அளவுள்ள ஓர் அறை, ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு விலங்கு. இலையைக் கிண்ணத்தில் இட்ட உடனே பார்த்தால் வெறும் வலைதான் தெரியும், எல்லாம் உள்ளே போயிருக்கும். மேசையைத் தட்டாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். முதலில் ஓர் ஓரத்தில் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். பிறகு ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான புனல்கள் விரியும். ஒவ்வொன்றும் கண்ணாடி இழைகளால் கட்டிய குட்டிப் புனல். அந்த நேரத்தில் யாராவது கதவைச் சாத்தினால் மொத்தமும் உள்ளே போய்விடும், மறுபடி காத்திருக்க வேண்டும்.

நான் சொன்ன கோராம்பே இந்தப் பின்னலைத் தின்றுதான் வாழ்கிறது. (பழைய நூல்களில் டோரிடெல்லா என்று இருக்கும்.) அதன் முதுகில் ஓடும் வெள்ளைக் கோடுகள் கீழே இருக்கும் அறைகளின் கோடுகளோடு அப்படியே பொருந்திப் போவதால் நேராகத் தேடினால் கண்ணில் படாது. முட்டையைத் தேடுங்கள். பின்னலின் மேல் வெள்ளையாகச் சுருண்ட சின்ன நாடா தெரிந்தால் அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குள் தாய் இருக்கும். இலையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் பின்னலில் ஒரு சின்ன மேடு தெரியும், அது நகர்ந்தால் அதுதான்.

இந்த ஜோடியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நத்தை தின்னத் தொடங்கியதும் மெம்ப்ரானிபோரா தன் விளிம்பில் புதிதாகக் கட்டும் அறைகளில் முட்களை வளர்க்கிறது, அதுவும் இரண்டு நாளுக்குள். நரம்பு என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லாத உயிர், எதிரி வந்ததைத் தண்ணீரில் வரும் குறிப்பால் அறிந்து அரண் கட்டுகிறது. உயிரியலாளர் ட்ரூ ஹார்வெல் 1984இல் இதை வெளியிட்டார். இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம், கேமராவால் பதிவும் செய்யலாம். நத்தை இல்லாத ஒரு குடியிருப்பு, நத்தை இருக்கும் ஒரு குடியிருப்பு, இரண்டையும் ஒரே உருப்பெருக்கத்தில், ஒரே வெளிச்சத்தில், நாளுக்கு இரண்டு முறை நான்கு நாள் எடுங்கள். விளிம்பில் இருக்கும் அறைகளை மட்டும் பாருங்கள். முள் வந்ததா, எத்தனை அறையில் வந்தது என்று எண்ணுங்கள். படம் எடுத்தால் படிப்பு கெடுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். கண்ணால் பார்த்து "முள் இருந்தது போல இருக்கிறது" என்று எழுதுவதற்கும் படத்தில் அறை அறையாக எண்ணுவதற்கும் உள்ள தூரம் பெரிது.

இதன் இன்னொரு நுனி மிதவை உயிரிகளில் இருக்கிறது. படகுத்துறையிலிருந்து நுண்கண்ணி வலையை மெதுவாக இழுத்தால் கொட்டலசின் நாப்ளியஸ், நண்டுகளின் சோயியா, சிப்பிகளின் வெலிஜர், கடல் முள்ளிகளின் புளூட்டியஸ் என்று பல உயிர்களின் இளம் பருவங்கள் எல்லாம் வரும். அவற்றுக்கு நடுவே பக்கவாட்டில் தட்டையான ஒரு முக்கோணம் தள்ளாடித் தள்ளாடி நீந்தும். இரண்டு மெல்லிய ஓடுகள், உள்ளே துடிக்கும் மயிரிழைகள். அதன் பெயர் சைஃபோனாட்டிஸ். இந்த மெம்ப்ரானிபோராவின் இளம் பருவம் அதுதான். பல வாரம் கடலில் மேய்ந்து திரிந்துவிட்டு, ஒரு கெல்ப் இலையைத் தேர்ந்து ஒட்டிக்கொண்டு, ஓட்டைத் துறந்து இரண்டு அறைகளாக மாறும். இரட்டைப் பிள்ளை போல அந்த இரண்டு அறையிலிருந்துதான் உள்ளங்கை அளவுப் பின்னல் முழுதும் வளர்கிறது. இளம் இலைகளில் தேடினால் அந்த இரண்டே அறை கொண்ட குடியிருப்புகள் கிடைக்கும். வலையில் வந்த முக்கோணம், இலையில் ஒட்டிய இரட்டை அறை, விரிந்த பின்னல், அதைத் தின்னும் நத்தை என்று நான்கு படம் வரிசையாகக் கையில் இருந்தால் உங்கள் ஐந்து வாரம் வீண் போகவில்லை.

வலையில் வந்ததை அப்படியே பாட்டிலில் நெருக்கமாக வைக்காதீர்கள். உடனே பெரிய ஜாடியில் ஊற்றி நிறையத் தண்ணீர் சேர்த்துக் குளிரில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் அடியில் படிந்து கிடக்கும். ஜாடியின் ஒரு பக்கம் விளக்கைக் காட்டினால் பலவும் அந்தப் பக்கம் திரளும், அகன்ற வாய்ப் பிப்பெட்டால் எடுக்கலாம். கூர்வாய்ப் பிப்பெட் புளூட்டியஸின் கைகளை ஒடித்துவிடும்.

இப்போது கேமரா. உங்கள் லென்ஸ் போதும். 1:1 அளவில் ஒரு சென்டிமீட்டர் உயிர் சென்சாரிலும் ஒரு சென்டிமீட்டர்தான். முழு அகலச் சென்சாரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றாலும் வெட்டி எடுக்கலாம். ஆழம் வேண்டும் என்று துளையை எஃப் 22க்குச் சுருக்காதீர்கள். 1:1இல் குறித்த எண் செயலில் இரட்டிப்பாகிறது. எஃப் 11 வைத்தாலே அது எஃப் 22 போல நடந்துகொள்ளும், அதற்கு மேல் சுருக்கினால் ஒளி சிதறி மொத்தப் படமும் மங்கும். சில கேமராக்கள் இந்தக் கணக்கைப் போட்டே எண்ணைக் காட்டும், உங்களுடையது எந்த வகை என்று ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆழத்தைத் துளையில் தேடாமல் உயிரின் கிடப்பில் தேடுங்கள். அது பக்கவாட்டாகச் சென்சாருக்கு இணையாக வரும் வரை காத்திருந்தால் தலை முதல் வால் வரை கூர்மையாக விழும். குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி அடுக்குப் படம் எடுத்து இணைக்கும் முறை முட்டை நாடாவுக்கும் சுருங்கிய குடியிருப்புக்கும் சரி. நடக்கிற உயிருக்கு ஆகாது.

தொட்டியை நீங்களே செய்துகொள்ளலாம். மைக்ரோஸ்கோப் கண்ணாடித் துண்டுகளை மீன்தொட்டிக்குப் போடும் சிலிக்கோன் பசையால் ஒட்டி, ஒரு விரல் தடிமனுக்கு இடைவெளி விட்ட சின்னத் தொட்டி. பசை நன்றாகக் காய்ந்து வாடை போகும் வரை பல முறை ஊறவைத்துக் கழுவுங்கள். தொட்டி குறுகலாக இருந்தால் உயிர் லென்சைவிட்டு விலகிப் போக இடமிருக்காது. அதற்கென்று நசுக்கிவிடவும் கூடாது. வடிகட்டிய கடல்நீரை ஊற்றுங்கள். தூசு வடிகட்டாத தண்ணீரில் கறுப்புப் பின்னணியில் எடுத்தால் ஒவ்வொரு துகளும் விண்மீன் போல மின்னும். இரண்டு தொல்லை கட்டாயம் வரும். தண்ணீர் குளிர்ந்திருப்பதால் தொட்டியின் வெளிப்பக்கம் வியர்க்கும், மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் சூடேற ஏறக் காற்றுக் குமிழிகள் கண்ணாடியிலும் உயிரின் மேலும் ஒட்டும். குமிழி வந்துவிட்டால் சூடு ஏறுகிறது என்று அர்த்தம், நிறுத்திவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள்.

கறுப்புப் பின்னணிக்கு வெல்வெட் துணி, தொட்டிக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி. ஒட்டினாற்போல் வைத்தால் நூலிழை தெரியும். வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் சற்றே பின்னாலிருந்து வரட்டும். கண்ணாடி போன்ற உடல்கள் விளிம்பில்தான் ஒளியைப் பிடிக்கும். ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளை டிரேசிங் தாளை வளைத்து ஒட்டுங்கள். தொடர்ந்து எரியும் விளக்கைவிட ஃபிளாஷ் நல்லது: சூடு சேராது, அசைவும் உறைந்துவிடும். எல்லாவற்றையும் கறுப்பிலேயே எடுப்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கோராம்பேயைக் கறுப்பில் எடுத்தால் அது ஒரு வெள்ளைச் சில்லு, அவ்வளவுதான். பின்னலின் மேல் எடுத்தால்தான் அது எப்படி மறைகிறது என்று தெரியும்.

ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மைக்ரோஸ்கோப்தான். லார்வாவின் மேல் மூடுகண்ணாடியை வைத்ததும் நசுங்கிவிடும். மூடுகண்ணாடியின் நான்கு மூலைகளையும் பிளாஸ்டிசின் களிமண்ணில் லேசாகச் சுரண்டுங்கள், நான்கு குட்டிக் கால்கள் ஒட்டிக்கொள்ளும். வைத்தபின் ஒரு மூலையைச் சற்று அழுத்தினால் உயிர் ஓடாத அளவுக்கு, ஆனால் உடையாத அளவுக்கு இடம் குறையும். இதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், கைப்பழக்கம் வர இரண்டு நாள் ஆகும். பின்னணி கறுத்து உயிர் மட்டும் ஒளிரும் இருள்புல ஒளிக்குத் தனிக் கருவி தேவையில்லை. கண்டென்சருக்கு (ஒளியைக் குவிக்கும் அடி லென்சுக்கு) கீழே வட்டமாக வெட்டிய கறுப்புத் தாளை நடுவில் வைத்தால் குறைந்த உருப்பெருக்கத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஒவ்வொரு உருப்பெருக்கத்திலும் அளவுகோல் பொறித்த கண்ணாடியை ஒருமுறை படம் எடுத்து வையுங்கள். அது இல்லாத படத்தை ஆறு மாதம் கழித்து யாராலும் அளக்க முடியாது.

மயக்க மருந்து பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அங்கே எல்லாரும் பயன்படுத்துவார்கள். ஆறு மூலக்கூறு நீர் சேர்ந்த மெக்னீசியம் குளோரைடு உப்பு லிட்டருக்கு 75 கிராம், நல்ல தண்ணீரில் கரைத்தது. அதைக் கடல்நீரோடு சமபங்கு கலந்தால் பெரும்பாலான உயிர்கள் தளர்ந்து விரிந்து கிடக்கும். கடல்நீரில் விட்டால் மீண்டுவிடும். இனம் காண அது உதவும். ஆனால் அப்படி எடுத்த படத்தின் குறிப்பில் 'மயங்கிய நிலை' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பார்க்கிறவர் அதை இயல்பான தோற்றம் என்று நம்பிவிடுவார்.

படம் தவறாகச் சொல்லிக்கொடுக்கும் என்பதற்கு அந்தப் படகுத்துறையிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஈக்வோரியா என்னும் கண்ணாடிச் சொறி, அதாவது ஜெல்லி மீன். 1961 கோடையில் ஒசாமு ஷிமோமுரா பிரின்ஸ்டனிலிருந்து ஃப்ராங்க் ஜான்சனோடு அங்கே வந்து, வலைக்கம்பால் ஏறத்தாழ 10,000 சொறிகளைப் பிடித்து, ஒளிரும் விளிம்பை மட்டும் கத்தரித்துச் சேர்த்தார். ஒருநாள் சாற்றைக் கழுவு தொட்டியில் கொட்டியபோது அது பளிச்சென்று எரிந்தது. அந்தத் தொட்டிக்குள் கடல்நீர் வழிந்துகொண்டிருந்தது, அதிலிருந்த கால்சியம்தான் திறவுகோல் என்று பிடித்துக்கொண்டார். அந்த வேலையின்போது உடன் வந்த, பச்சையாக ஒளிரும் புரதம்தான் பின்னாளில் உயிரியலையே மாற்றிய ஜிஎஃப்பி. 2008இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் இருவருக்கும் கிடைத்தது. ஆனால் இன்று அந்தச் சொறியின் பெயரைப் போட்டுத் தேடினால் உடல் முழுதும் நீலமாக எரிவது போன்ற படங்கள்தான் வரும். அது ஃபிளாஷ் வெளிச்சம் பட்டுத் தெரிவது. உயிர் தானாக ஒளிர்வது குடையின் விளிம்பில் மட்டும், தொட்டால் மட்டும், பச்சைப் புள்ளிகளாக. இருட்டில் அரை மணி கண்ணைப் பழக்கிக்கொண்டு பார்த்தால்தான் தெரியும்.

அதனால் குறிப்பேட்டில் நான் எழுதச் சொல்வது: தேதி, நேரம், வற்றத்தின் அளவு, எந்த இடம், எதன் மேல் இருந்தது, தண்ணீரின் சூடு எடுக்கும் முன்னும் பின்னும், என்ன வெளிச்சம், அப்போது உயிர் என்ன செய்துகொண்டிருந்தது, படத்தின் எண். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கடல்நீர் பட்டால் போய்விடும். கேமராவை எடுக்கும் முன் ஒரு பத்து நிமிடம் பென்சிலாலேயே வரையவும் செய்யுங்கள். வரையத் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். வரையும்போதுதான் கை நின்று, "இந்தக் கொம்பு எங்கிருந்து கிளம்புகிறது?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தபின் எந்தப் பக்கத்திலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று தானாகத் தெரியும். இனம் காண்பதற்கு அழகான படம் உதவாமல் போவதும் உண்டு. ஆம்பிபாடு என்னும் இறால் போன்ற சிற்றுயிருக்கு முன்கால் இடுக்கி தெரிய வேண்டும், புழுவுக்கு விலாவின் மயிர்முட்கள் தெரிய வேண்டும், நத்தைக்குத் தலைக்கொம்பும் முதுகுச் செவுள்களும். எனவே அழகுக்கு ஒன்று எடுத்தால் அடையாளத்துக்கு மூன்று எடுங்கள்.

வாங்க வேண்டியவை: தெர்மாமீட்டர், ஃபிளாஷ் ஒன்று, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தண்ணீரில் நனையாத குறிப்பேடு, பிளாஸ்டிசின் ஒரு கட்டி. கம்பளிச் சட்டை ஒன்றும் எடுத்துப் போங்கள். ஜூலை மாதமே என்றாலும் அதிகாலை வற்றத்தில் விரல் விறைத்துவிடும்.

இலையைத் துறையில் திரும்ப விடும்போது எடுத்த இடத்திலேயே, அதே ஆழத்தில் கல்லில் கட்டி விடுங்கள், மிதக்க விடாதீர்கள். கோராம்பே இலையோடு போகும். நான்கு நாளில் முள் வந்த அறைகளை எண்ணி முடித்ததும் எனக்கு எழுதுங்கள் தம்பி, நத்தை இல்லாத குடியிருப்பின் எண்ணிக்கையையும் சேர்த்து.